நாங்களே பொங்கிச் சாப்பிட்ட மூன்று நாட்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. நோட்டை எடுத்துவைத்து உட்காருவேன். ஒரு வரி எழுதுவேன். அதற்குள் பால் பொங்கிவிட்டது, கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைக்கும், எழுந்துவிடுவேன். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்துப்பிழை வருமே, படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்று ஒரு பயம். அது சின்னப் பயம்தான். ஊழியத்துக்குப் போய்வந்தவர்கள் கர்த்தர் செய்த நன்மைகளை எழுதுவார்கள். நான் எழுத வேண்டியதோ நான் செய்த ஒரு காரியத்தை. அதை எழுதினால் என் வீட்டைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அந்தப் பயம்தான் இவ்வளவு காலம் கையைப் பிடித்து வைத்திருந்தது. இன்று காலை ஜெபித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். யார் பெயரும் இதில் கிடையாது, என் பெயர் உள்பட.

எங்களுக்குச் சங்கரன்கோவிலில் பைப், மோட்டார் கடை. கரிவலம்வந்தநல்லூர், மேலநீலிதநல்லூர் பக்கம் போர் போடுகிறவர்கள் எல்லாம் வருவார்கள். என் வீட்டுக்காரர் மோட்டாரை இறக்கவும் தூக்கவும் காட்டுக்குப் போய்விடுவார், கடையில் நான் இருப்பேன். எங்கள் சபைப் போதகர் ஐயா நேபாளத்தில் ஒரு மலைக்கிராமத்துச் சபையோடு பல வருஷமாகப் பழக்கம் வைத்திருந்தார். அங்கே மலையில் உள்ள ஊற்றிலிருந்து கீழே குடியிருப்புக்கு ஹோஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஐயா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நானும் வாரேன்" என்றேன்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. சபையில் அசனம் நடந்தால் இருநூறு பேர் பந்திக்குச் சோறு வடிக்கிற கூட்டத்தில் நான் ஒருத்தி. சமையல்தான் என் ஊழியம் என்று நானும் நினைத்திருந்தேன், எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆகையால் மூட்டை கட்ட ஆரம்பித்தேன். குக்கர், சட்டி, கரண்டி, பேர் வெட்டிய தட்டு மூன்று, டம்ளர் மூன்று. புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, இட்லிப்பொடி, ரவை, புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய். பத்து கிலோ பொன்னி அரிசி.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஊழியத்துக்குப் போறோமா, குடி மாறிப் போறோமா?" என்றார்.

"நம்ம மூணு பேருக்கும் அந்த வீட்டம்மா பொங்கிப் போட்டுக்கிட்டே இருக்கணுமாக்கும்? அவியளுக்கே இருக்கோ இல்லையோ. யாருக்கும் பாரமா இருக்கப்பிடாது."

"பாரம் இப்ப என் தலையிலல்லா இருக்கு" என்று அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டினார்.

ஐயாவுக்குக் கொஞ்சம் காரம் மாறினாலே வயிறு கெட்டுவிடும். "நல்ல யோசனைதாம்மா. தண்ணியும் கொதிக்கவச்சே குடிப்போம்" என்றார். ஆகவே மூன்று பேரும் ஒத்துத்தான் அந்த மூட்டையைக் கட்டினோம். யார் தலையிலும் பழியைப் போட இதைச் சொல்லவில்லை. நல்லது என்று நினைத்தே செய்தோம்.

சென்னை போய் ரயில் மாறி, கோரக்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, எல்லையை நடந்தே தாண்டினோம். அங்கிருந்து ஒரு நாள் முழுக்க ஜீப். ஐயா இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். கடைசியில் ஒரு மணி நேரம் ஏற்றத்தில் நடை. திங்கட்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம்.

நாங்கள் தங்கவேண்டிய வீடு சிவப்பு மண் பூசிய மச்சு வீடு. கீழே உள்ள பெரிய அறையில்தான் சபை கூடும். அந்த நாட்டில் விடுமுறை சனிக்கிழமை, அதனால் ஆராதனையும் சனிக்கிழமை. வீட்டை ஒட்டிய சாய்ப்பில் கொல்லப்பட்டறை. வீட்டுக்காரர் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிறவர். ஆசாரி வீடு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். நம் பக்கம் ஆசாரிமார் மதிப்பாக வாழ்கிறவர்கள்தானே. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அக்கா என்பதற்கு அவர்கள் பாஷையில் தீதி. நான் அவரைத் தீதி என்றேன், அவரும் என்னைத் தீதி என்றார். யார் மூத்தவர் என்று தெரியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். உடனே உள்ளே போய் ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். நாங்கள் பையிலிருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினோம். சாப்பிடக் கூப்பிட்டார். ஐயா வயிற்றைத் தடவிக் காட்டினார். நான் பிஸ்கட்டைக் காட்டி, போதும் போதும் என்று கும்பிட்டேன். அப்படியே படுத்துவிட்டோம்.

எங்களுக்காக அன்று ஒரு கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். அது எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் நான் முந்திக்கொண்டேன். தீதி எழுந்து அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், ஊற்றுக்குப் போய் நானே தண்ணீர் எடுத்துவந்து, முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி விறகு வைத்தேன். உப்புமா கிண்டினேன். டீ போட்டேன். மத்தியானத்துக்குக் குக்கர் வைத்தபோது அதன் விசிலைக் கேட்டு அந்தக் குடியிருப்பே ஓடிவந்து நின்றது. எனக்கு ஒரே பெருமை. எங்கள் தட்டில் நாங்கள் சாப்பிட்டோம். தீதிக்கும் அவர் வீட்டாருக்கும் அவர்கள் தட்டில் அள்ளிவைத்தேன். தீதி குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊறுகாயை நாக்கில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அவர் தன் அடுப்படிக்குப் போனபோது தோளைப் பிடித்து உட்காரவைத்து, "நீங்க சும்மா இரிங்க தீதி, நான் எதுக்கு இருக்கேன்" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்தார்.

பகலில் எங்களுக்குள் ஜாடைதான். சாயங்காலம் ஒரு நர்ஸம்மா வருவார். கீழே சுகாதார நிலையத்தில் வேலை. கோயம்புத்தூரில் நான்கு வருஷம் படித்தவர், அந்த ஊர்த் தமிழ் பேசுவார். எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' சேர்த்துவிடுவார். "நாய் கடிக்காதுங்க, அவங்க நல்லவங்க" என்பார். அவர் வந்தால்தான் முற்றத்தில் பேச்சே நடக்கும்.

ஹோஸ் வேலை செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டது. அந்தக் குடியிருப்பு ஆண்கள் எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். சாயங்காலம் என் வீட்டுக்காரர் மண்ணும் சேறுமாக வந்து உட்கார்ந்து, "எங்க ஊர்ல எண்ணூறு அடிக்குக் கீழ கிடக்குற தண்ணிய மோட்டார் வச்சு இழுக்கோம். இங்கன அது தலைக்கு மேல நின்னுக்கிட்டு, வரட்டுமா வரட்டுமான்னு கேக்கு. இந்த ஊர்ல கடை போட்டா நான் பட்டினிதான்" என்றார். நர்ஸம்மா அதை எடுத்துச் சொன்னதும் பட்டறைக்காரர் கூடச் சிரித்தார். தீதி சிரிக்கவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் பட்டறைக்காரரின் அண்ணன் வந்தார். பக்கத்து வீடு. சபைக்கு வராதவர். நான் சோறு பரிமாறுவதை வாசலில் நின்று பார்த்தார். என் கல் அடுப்பையும் குக்கரையும் எங்கள் தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தீதியைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். தீதி வாங்கிய தட்டைச் சாப்பிடாமல் அப்படியே கீழே வைத்தார். அண்ணன் தம்பி வீடென்றால் எங்கும் ஏதாவது இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நர்ஸம்மா வந்ததும் தீதி அவரைப் பட்டறைப் பக்கம் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். நர்ஸம்மா எங்களிடம் வந்தபோது முகம் சரியில்லை.

"ஐயாங்க, தீதி சொல்றாங்க, சனிக்கிழமை கூட்டம் இங்க வேண்டாமுங்க. இந்தச் சனிக்கிழமை மட்டுமில்லீங்க. இனிமே வேற வீடு பாத்துக்கச் சொல்றாங்க."

ஐயா எழுந்துவிட்டார். வேறு வீடு அங்கே இல்லை. சபையில் மற்ற எல்லோரும் குடியிருந்தது மேலூர்க்காரர்கள் என்கிற பெரிய சாதிக்காரர்களின் நிலத்தில். அங்கே கூடினால் குடிசையைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். தீதி வீட்டு மனை ஒன்றுதான் சொந்த மனை. அந்தக் கதவு மூடினால் சபை கலைந்த மாதிரிதான்.

"ஏம்மா? நாங்க என்ன பண்ணிட்டோம்?" என்றார் ஐயா.

நர்ஸம்மா கொஞ்சம் தயங்கினார். "இவங்க இரும்பு வேலைக்காரங்கங்க. மேலூர்க்காரங்க இவங்க தொட்ட தண்ணி குடிக்க மாட்டாங்க. இவங்க சமைச்சதச் சாப்பிட மாட்டாங்க. ஏதாச்சும் வேலையா இங்க வந்து தங்கினா என்ன பண்ணுவாங்க தெரியுங்களா? சொந்தப் பாத்திரம் கொண்டாருவாங்க. தண்ணிய அவங்களே எடுத்துக்குவாங்க. வெளிய கல்லு வச்சு அவங்களே சமைச்சுக்குவாங்க. மிச்சத்த இவங்களுக்குப் போடுவாங்க." நிறுத்தினார். "உங்கள மாதிரியேங்க."

முற்றத்தில் என் மூன்று கல்லும் இன்னும் சூடாகத்தான் இருந்தன.

"அவங்க வீட்டுக்காரரோட அண்ணன் வந்தாருல்லங்க? அவரு சொன்னாராம். உன் இயேசுவோட ஆளுங்களும் உன் தண்ணி குடிக்கலையே, அதுக்குப் போய் ஒரு கோழிய வீணாக்கினியேன்னு."

ஐயா பதறிப்போனார். "ஐயையோ, வயித்துக்குப் பயந்துல்லாம்மா! எடுத்துச் சொல்லுங்கம்மா."

"சொன்னேங்க. மேலூர்க்காரங்களும் வயிறுதாங்க சொல்லுவாங்க."

பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. நான் எழுந்து தீதியின் அடுப்படிக்குப் போய் மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வாயில் கையை வைத்து, எனக்குச் சோறு போடுங்கள் என்று காட்டினேன். பின்னாலேயே என் வீட்டுக்காரரும் ஐயாவும் வந்து உட்கார்ந்தார்கள். கேழ்வரகுக் களியும் ஒரு கீரைக் குழம்பும் இருந்தது. தீதி மூன்று பேருக்கும் வைத்தார். செம்புத் தண்ணீரையும் வைத்தார். குடித்தோம். சாப்பிட்டோம். நான் இன்னும் வேண்டும் என்று வாங்கினேன். அவர் முகம் மாறவில்லை. நாங்கள் எழுந்ததும் தட்டுகளை எடுத்துக் கழுவப் போய்விட்டார். பிடிபட்ட பிறகு சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு என்ன மதிப்பு? அது எனக்கே தெரிந்தது.

படுத்தபிறகு என் வீட்டுக்காரர், "நம்ம மனசுல அப்படி ஒண்ணுமே இல்லையேட்டி, கர்த்தருக்குத் தெரியும்" என்றார். உண்மைதான். ஆசாரி வீட்டில் சாப்பிட எனக்கு என்ன கூச்சம்? அப்படி நினைத்து மனசை ஆற்றிக்கொண்டபோதுதான் ஒன்று குத்தியது. கூச்சம் வராததற்குக் காரணம் என் மனசு சுத்தமாக இருந்தது அல்ல. இரும்பு அடிக்கிறவர்கள் எங்கள் ஊர்க் கணக்கில் அந்த வரிசையில் இல்லை, அவ்வளவுதான். இதே தீதி எங்கள் ஊரில் வேறொரு தெருவில் பிறந்திருந்தால் அவர் கைச் செம்பை நான் வாங்கியிருப்பேனா? யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியப் பெண்ணிடம் இயேசு கிணற்றடியில் தண்ணீர் கேட்டார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நர்ஸம்மா வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். தீதி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஹோஸ் இணைப்புக்கு மரை போட்டுக்கொண்டிருந்தார். தீதி கையை நிறுத்தாமல், யாரையும் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, தீதி கேக்கறாங்க" என்றார் நர்ஸம்மா. "உங்க ஊர்ல, யார் கையிலயாவது நீங்க வாங்கிச் சாப்பிடாம இருக்கறதுண்டானு."

என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "அதெல்லாம் கிடையாதுன்னு சொல்லுங்கம்மா. கிறிஸ்தவங்க நாம. ஏட்டி, சொல்லேன்."

நர்ஸம்மா அதைச் சொல்லப்போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவு திறந்துவிடும், ஐயா சந்தோஷப்படுவார், சபை பிழைக்கும். அப்படித்தான் தோன்றியது. ஆனால் பொய்யைச் சொல்லித் திறந்த அறைக்குள் போய் எப்படி முழங்கால் போடுவது?

"உண்டுன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஏட்டி!"

"நீங்க சும்மா இருங்க. நம்ம கொல்லைப்புறச் சுவத்துல கவுத்து வச்சிருக்கோமே, அது என்னது?"

அவர் மரை வெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் நர்ஸம்மாவிடம் சொன்னேன். "எங்க வீட்டுச் சாக்கடை அள்ள ஒரு பொம்பள வருவா. வெயில்ல வருவான்னு டீ கொடுப்போம், சோறும் கொடுப்போம், குறை வைக்கதில்ல. ஆனா அவளுக்குன்னு ஒரு டம்ளர் உண்டு. கொல்லைச் சுவத்துல இருக்கும். அவளே எடுப்பா, அவளே கழுவி வச்சிட்டுப் போவா. வேற யாரும் தொட மாட்டோம். அவ வீட்டுல நான் பச்சத்தண்ணி குடிச்சதில்ல. கேட்டா நானும் வயிறுன்னுதான் சொல்லுவேன்."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "அக்கா, இதச் சொல்லித்தான் ஆகணுங்களா?"

"அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்."

சொன்னார். தீதி கீரையை விட்டுவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது.

"அந்தம்மா பேரு என்னன்னு கேக்கறாங்க."

அப்போதே பதினோரு வருஷமாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். எனக்குப் பெயர் தெரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. "ஏம்மா, இந்தா" என்றுதான் கூப்பிடுவோம். தெரியாது என்று தலையை ஆட்டினேன். அதற்கு நர்ஸம்மா எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தீதி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கீரைக் கூடையை என் பக்கம் தள்ளினார். ஆயச் சொல்கிறார் என்று கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். அவ்வளவுதான், தேள் கொட்டின மாதிரி கை எரிந்தது. நம் ஊர்ச் செந்தட்டி மாதிரிச் செடி. அதைத்தான் அவர்கள் குழம்பு வைக்கிறார்கள். வெந்துவிட்டால் ஒன்றும் செய்யாதாம். ஆய்வதற்கு மட்டும் இடுக்கி வேண்டும், அது தீதி கையில்தான் இருந்தது. நான் அம்மாடி என்று கத்தினேன். தீதி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். வேலியோரம் ஓடிப்போய் ஏதோ ஒரு தழையைப் பறித்துவந்து கசக்கி, என் கையைத் தன் மடியில் வைத்து ரொம்ப நேரம் தேய்த்துவிட்டார். நடுவில் ஏதோ சொன்னார்.

"உங்களுக்குக் கீரை ஆயக்கூடத் தெரியல, மூணு நாளா நீங்கதான் சமைச்சீங்களாங்கறாங்க" என்றார் நர்ஸம்மா.

என் வீட்டுக்காரர் குனிந்தபடியே, "நான் முப்பது வருஷமாச் சொல்லுதேன், யாரு கேக்கா?" என்றார்.

அன்று மத்தியானமும் இரவும் தீதியின் அடுப்பில்தான் சமையல். நான் அவர் சொன்ன வேலையைச் செய்தேன். வெங்காயம் உரித்தேன், விறகு தள்ளினேன். களி கிண்டத் துடுப்பைக் கேட்டபோது தரவில்லை. சாயங்காலம் ஹோஸில் தண்ணீர் வந்து எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் சனிக்கிழமையைப் பற்றித் தீதி ஒன்றும் சொல்லவில்லை. ஐயா நர்ஸம்மாவை விட்டுக் கேட்கப் பார்த்தார். நான்தான், கேட்க வேண்டாம் ஐயா என்றேன். கேட்டு வாங்க எங்களுக்கு முகம் இல்லை.

சனிக்கிழமை விடிந்து எழுந்து கீழே வந்தேன். பெரிய அறையின் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. தரையில் புதுச் செம்மண் மெழுகி ஈரம் காயாமல் இருந்தது. தீதி முழங்கையெல்லாம் மண்ணோடு மூலையில் கடைசி ஓரத்தை மெழுகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், மிதிக்காதே என்று கையைக் காட்டினார். நான் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். அழுகை வந்தது. அழுதேன்.

சபை நிறைந்திருந்தது. ஐயா பிரசங்கம் பண்ண எழுந்தார். ஜெபம் மட்டும் பண்ணிவிட்டு உட்கார்ந்தார். தீதி எல்லோருக்கும் டீ கொடுத்தார். எங்களுக்கும் அதே வரிசையில் கொடுத்தார், முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மறுநாள் நாங்கள் புறப்படும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். நர்ஸம்மா சொன்னார்: "ஊருக்குப் போனதும் அவங்க பேரக் கேளுங்கனு சொல்றாங்க."

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அந்த அம்மா வந்தார். சாக்கடை அள்ளி முடிக்கும்வரை காத்திருந்து, "ஏம்மா, உம் பேரு என்ன?" என்றேன்.

அவர் பயந்துபோனார். "எதுக்குக்கா கேக்கிய? வீட்டுல எதுவும் காணாமப் போச்சா?"

இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் நம்பவில்லை. மடியை உதறிக் காட்டினார். நான் அவர் கையைப் பிடித்தேன். அதற்கு இன்னும் பயந்தார். கடைசியில் பெயரைச் சொன்னார். இங்கே எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். கொல்லைச் சுவர் டம்ளரை எடுத்துவிட்டு, நாங்கள் குடிக்கிற டம்ளரில் டீ கொடுத்தேன். "எதுக்குக்கா வம்பு? எனக்கு அதுவே போதும்" என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன். வாயில் படாமல் அண்ணாந்து குடித்தார். இன்றுவரைக்கும் அப்படித்தான் குடிக்கிறார். நான் அவர் வீட்டுக்கு ஒருநாள் போனேன். தண்ணீர் கேட்டேன். அவர் கடைக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்தார். தண்ணீர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க இரண்டாவது, மூன்றாவது தடவை போகவேண்டி இருந்தது. சொந்தக்காரர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டில் கை நனைப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களும் வயிறு சரியில்லை என்றுதான் சொன்னார்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சியாகச் சொன்னேன். சொல்லி ஒரு மாதத்துக்குள் அது வேறு உருவத்தில் என்னிடமே திரும்பி வந்தது. அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம், அற்புதமாம். அப்படி இல்லை. என் வீட்டுக்காரருக்கு மூன்று நாள் வயிறு போயிற்று, ஜீப்காரர் நான்கு இடத்தில் நிறுத்தினார். ஹோஸில் தண்ணீர் வந்ததைக் கண்டுதான் அந்த அம்மா மனம் மாறினார் என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் இல்லை, தண்ணீர் வந்த பிறகும் அவர் பேசாமல்தான் இருந்தார். எங்கள் வீட்டு டம்ளரை மட்டும் எல்லோரும் விட்டுவிட்டார்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து விட்டிருப்பார்கள்.

அதனால்தான் எழுதிவைக்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் வீட்டில், சபையில், பெண்கள் கூடுகையில் தாராளமாகச் சொல்லுங்கள், அடுத்தவர் கையில் கொடுங்கள். ஆனால் உள்ளபடியே கொடுங்கள். கோழி வீணாய்ப்போனதையும் சொல்லுங்கள், டம்ளரையும் சொல்லுங்கள், பதினோரு வருஷம் பெயர் தெரியாமல் இருந்ததையும் சொல்லுங்கள். கடைசியில் தீதி என்னை மன்னித்துக் கட்டிப்பிடித்ததாகச் சேர்த்துவிடாதீர்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. விடிவதற்கு முன் எழுந்து தரையை மெழுகிக் கதவைத் திறந்து வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.